எக்ஸ்ரே சோதனை ஓடும்போதே தரவைப் பார்க்கும் மென்பொருள்: ஹம்மிங்பேர்டா, ஓன்டாவா, சொந்தமாக எழுதுவதா?

கிளமெண்டிவாசி:
வணக்கம். பல வருடம் வங்கியில் சந்தைத் தரவு அமைப்புகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கே சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்குழுவில் மென்பொருள் ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். குழுவுக்கு வெளிநாட்டு எக்ஸ்ரே லேசர் ஒன்றில் பீம்டைம் (கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) கிடைத்திருக்கிறது. வைரஸ் அளவுள்ள துகள்களை ஒவ்வொன்றாகக் கற்றைக்குள் விட்டுச் சிதறல் படம் எடுக்கும் சோதனை. ஓடும்போதே என்ன நடக்கிறது என்று காட்டும் திரை என் பொறுப்பு.

டிடெக்டரிலிருந்து (சிதறலைப் படமாகப் பதியும் கருவி) வருவதை எல்லாம் காஃப்கா என்ற செய்தி வரிசை மென்பொருளில் தள்ளி, ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து, மேலே டாஷ்போர்டு வைத்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. குழுவில் ஹம்மிங்பேர்ட், ஓன்டா என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். இரண்டுமே பைத்தான். விநாடிக்கு 120 படம் வரும் இடத்தில் பைத்தான் தாக்குப்பிடிக்குமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

படிகம்:
தம்பி, மென்பொருளை அப்புறம் பார்ப்போம், முதலில் சோதனையைப் பற்றிக் கொஞ்சம். நான் செய்வது தொடர் படிகவியல், அதாவது நுண்படிகங்களை ஒவ்வொன்றாகக் கற்றையில் விட்டுப் படம் எடுப்பது. உங்களுடையது தனித்துகள். ஆனால் இந்தத் திரை விஷயத்தில் இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான்.

லேசர் துடிப்பு ஒன்று சில பத்து ஃபெம்டோ விநாடிதான் இருக்கும். துகள் சிதைவதற்குள் சிதறல் பதிவாகிவிடும் என்று 2000இலேயே உப்சாலாக் குழு கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியது. கலிஃபோர்னியாவில் எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்ரே லேசர் 2009இல் ஓடத் தொடங்கியது. 2011இல் ஒளிச்சேர்க்கைப் புரதத்தின் நுண்படிகங்களும் மிமிவைரஸ் என்ற பெரிய வைரஸும் பற்றிய கட்டுரைகள் நேச்சர் ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. அந்தப் புரதச் சோதனையில் எடுத்த படங்கள் 30 லட்சத்துக்கும் மேல். அதில் கட்டமைப்பு காண உதவியது சிறு பகுதிதான், ஏனென்றால் துகள் எங்கே பறக்கிறது என்று லேசருக்குத் தெரியாது. துடிப்பு தன் பாட்டுக்கு வரும், துகள் தன் பாட்டுக்கு வரும், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் சந்தித்தால்தான் ஹிட். தனித்துகளில் நூறு துடிப்புக்கு ஒரு ஹிட் கிடைத்தாலே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அதனால் திரையை வடிவமைக்கும் முன் ஒரு கேள்வி: இந்த வரைபடத்தைப் பார்த்தவுடன் யாருடைய கை எந்தத் திருகைத் திருப்பும்? ஹிட் விகிதம் விழுந்தால் துகள்களைத் தெளிக்கும் ஊசியைக் கவனிப்பவர் அதன் முனையான நாசிலை நகர்த்துவார், இல்லை வாயு அழுத்தத்தை மாற்றுவார். எல்லாப் படங்களையும் கூட்டிய படத்தில் டிடெக்டர் ஒரு பக்கம் வெளுத்தால் பீம்லைன் (கற்றை வரும் சோதனை நிலையம்) ஆள் அதைப் பின்னுக்கு இழுப்பார். பார்த்துவிட்டு யாரும் எதுவும் செய்யப் போவதில்லை என்றால் அந்த வரைபடம் சோதனை முடிந்த பிறகு வரட்டும். திரையில் இடம் குறைவு, பார்க்கிறவர் தூங்கி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒளிக்கற்றை:
அக்கா சொன்னதற்கு மேல் மென்பொருள் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஹம்மிங்பேர்ட் உப்சாலாவில் எழுதியது, ஓன்டா ஹாம்பர்க்கில். இரண்டுக்கும் கட்டுரை 2016இல் வந்தது. உங்கள் சோதனைக்கு ஹம்மிங்பேர்ட் பக்கத்தில் வரும், ஏனென்றால் அது தனித்துகள் படங்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. ஓன்டா படிகக்காரர்களிடம் அதிகம் புழங்குகிறது. சீட்டா என்று இன்னொன்று, 2014இல் கட்டுரை வந்தது. அது முக்கியமாகப் பதிவான கோப்புகளிலிருந்து ஹிட்டுகளைச் சலித்தெடுப்பதற்கு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹம்மிங்பேர்ட் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றால், பின்னால் பல வேலையாள் செயல்முறைகள் எம்பிஐ (பல செயல்முறைகளைச் சேர்த்து ஓட்டும் முறை) மூலம் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு துடிப்பின் தரவை எடுத்து, நீங்கள் எழுதிய பைத்தான் கோப்பில் உள்ள ஆன்இவென்ட் என்ற செயற்கூற்றைக் கூப்பிடும். உங்கள் முழு ஆய்வும் அந்த ஒரு செயற்கூற்றுக்குள்தான். முடிவுகளை சீரோஎம்கியூ என்ற செய்தி அனுப்பும் நிரல் நூலகம் வழியாக வெளியே ஒலிபரப்பும், முன்னால் உள்ள வரைகலைத் திரை அதைக் கேட்டு வரையும். திரையை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம், பின்னால் ஓடுவதற்கு எதுவும் ஆகாது.

பைத்தான் தாங்குமா என்று கேட்டீர்கள். ஒரு படத்துக்கு 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 120 படத்துக்கு 24 வேலையாள் போதும். கனமான கணக்கு எல்லாம் நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகத்தின் உள்ளே சி மொழியில்தான் நடக்கிறது. நான் பார்த்தவரை கணக்கைவிடத் தரவை நினைவகத்துக்குக் கொண்டுவருவதில்தான் நேரம் போகும். எல்சிஎல்எஸ்ஸின் பழைய சிஎஸ்பேட் டிடெக்டர் 23 லட்சம் பிக்செல், பிக்செலுக்கு 2 பைட், ஒரு படம் 4.6 மெகாபைட். 120ஆல் பெருக்கினால் விநாடிக்கு 550 மெகாபைட். இதைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் பைத்தானே போதும்.

ஹிட் கண்டுபிடிப்பது எளிய கணக்குதான். எக்ஸ்ரே இல்லாமல் எடுத்த டார்க் படத்தைக் கழிக்கணும், ஒவ்வொரு சில்லிலும் மொத்தமாக ஏறி இறங்கும் பொது இரைச்சலைக் கழிக்கணும், ஒரு ஃபோட்டான் எத்தனை அலகு என்று பார்த்து, அதற்கு மேல் போன பிக்செல்களை எண்ணணும். எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் ஹிட். வரம்பை ஊகித்துப் போடாதீர்கள். துகள் விடாமல், லேசர் மட்டும் ஓடும்போது அந்த எண்ணிக்கையின் பரவலை வரைந்து, வால் முடியும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள்.

கிளமெண்டிவாசி:
மிக்க நன்றி அக்கா, ஒளிக்கற்றை. ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒலிபரப்பு முறையில் கேட்பவர் மெதுவாக இருந்தால் சீரோஎம்கியூ செய்திகளைக் கீழே போட்டுவிடும். நான் வந்த இடத்தில் ஒரு செய்தி விட்டுப்போனாலும் விசாரணை நடக்கும். இங்கே ஃபிரேம் விட்டுப்போனால் பரவாயில்லையா?

பொங்கோல்வாசி:
பரவாயில்லை, சொல்லப்போனால் விட்டுத்தான் ஆக வேண்டும். வங்கியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நான் டிடெக்டர் தரவுப் பக்கம் இருக்கிறவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பதிவு செய்யும் பாதை வேறு, பார்க்கும் பாதை வேறு. வட்டில் எழுதுவது ஒரு படத்தையும் விடக்கூடாது. பார்க்கும் பாதை எக்காரணம் கொண்டும் பதிவுப் பாதையைக் காக்க வைக்கக்கூடாது. உங்கள் காஃப்கா யோசனையில் எனக்குப் பயமே இதுதான்: எல்லாவற்றையும் வரிசையில் வைத்தால், கணக்கு கொஞ்சம் பின்தங்கியதும் வரிசை நீளும், திரையில் தெரிவது மூன்று நிமிடம் முந்தைய நிலையாக இருக்கும். ஊசியை நகர்த்துகிறவர் அந்தப் பழைய விகிதத்தைப் பார்த்து நகர்த்துவார், மாற்றம் தெரியவில்லை என்று இன்னும் நகர்த்துவார், கடைசியில் கற்றையையே தவறவிடுவார். பழைய செய்தியைத் தூக்கிப் போட்டுப் புதியதைக் காட்டுகிற அமைப்புதான் இங்கே சரியான அமைப்பு. பத்தில் ஒரு படம் பார்த்தால் போதும், ஆனால் அது இப்போது எடுத்த படமாக இருக்கணும். திரையின் ஒரு மூலையில் கடைசித் துடிப்பின் நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டு விநாடி தாண்டினால் சிவப்பு.

படிகம்:
பொங்கோல்வாசி, பாதியை ஒத்துக்கொள்கிறேன். பத்தில் ஒன்று போதும் என்பதை மட்டும் விட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விநாடிக்கு 120, ஹிட் 1 சதவீதம். எல்லாப் படத்தையும் பார்த்தால் நிமிடத்துக்கு 7,200 படம், 72 ஹிட், இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான எட்டரை. 72 பாதியாக விழுந்தால் ஒரு நிமிடத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். பத்தில் ஒன்று பார்த்தால் நிமிடத்துக்கு 7 ஹிட், ஏற்ற இறக்கமே 2.7. அது 4 ஆனால் நாசில் அடைத்துவிட்டதா, இல்லை வெறும் தற்செயலா? ஐந்து நிமிடமாவது காத்திருந்தால்தான் சொல்ல முடியும். பீம்டைமில் ஐந்து நிமிடம் சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் வேலையைப் பிரிக்கணும். வெளிச்சப் பிக்செல் எண்ணுவது எல்லாப் படத்துக்கும். துகளின் அளவு கணிப்பது, படத்தைத் திரைக்கு அனுப்புவது போன்ற கனமான வேலை ஹிட்டுக்கு மட்டும், அதிலும் முடிந்தவரைக்கும். எண்களை விடக்கூடாது, படங்களை விடலாம்.

பொங்கோல்வாசி:
இந்தக் கணக்குக்கு மறுபேச்சு இல்லை அக்கா. விகிதம் 20, 30 சதவீதம் இருக்கும் படிகச் சோதனைக்கு என் வழி நிற்கும், தனித்துகளுக்கு உங்கள் வழிதான். விநாடிக்கு 120க்கு எல்லாப் படத்தையும் எண்ணுவது நடக்கக்கூடியதே. ஆனால் அடுத்த தலைமுறை இயந்திரங்களில்?

ஹாம்பர்க் பக்கத்தில் உள்ள ஐரோப்பிய எக்ஸ்எஃப்இஎல் என்ற எக்ஸ்ரே லேசர் 2017 முதல் பயனர்களுக்குத் திறந்திருக்கிறது. விநாடிக்கு 27,000 துடிப்பு வரை. அதுவும் சீராக வராது, விநாடிக்குப் பத்து கொத்து, கொத்துக்கு 2,700. அங்கே உள்ள ஏஜிஐபிடி டிடெக்டர் ஒரு கொத்தில் 352 படம் வரை தன் நினைவில் பிடித்து, அடுத்த கொத்துக்கு முன் இறக்கிவைக்கும். விநாடிக்கு 3,520 படம், ஒவ்வொன்றும் 10 லட்சம் பிக்செல். பிக்செலுக்கு 2 பைட் என்றாலே விநாடிக்கு 7 ஜிகாபைட். எல்சிஎல்எஸ்ஸின் அடுத்த தலைமுறையான எல்சிஎல்எஸ்-2 முதல் ஒளியைக் கண்டது 2023 செப்டம்பரில், அதன் இலக்கு விநாடிக்கு 10 லட்சம் துடிப்பு. அந்த வேகத்தில் பெரிய டிடெக்டர் வந்தால் எல்லாவற்றையும் எழுதவே முடியாது. ஓடும்போதே சலித்து, வெற்றுப் படங்களைத் தூக்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது பார்க்கும் மென்பொருளே எதை வைப்பது எதை எறிவது என்று முடிவெடுக்கும் மென்பொருளாக ஆகிவிடும்.

மூலத்தரவு:
இந்த இடத்தில் நான் கண்டிப்பாக மறுக்கிறேன். பார்ப்பதற்கு எழுதிய அவசரக் கணக்கை எறிவதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெற்று என்று நீங்கள் சொல்வது இன்றைய வரம்பில் வெற்று. சின்னப் புரதத் துகள் ஒன்று கற்றையின் ஓரத்தில் பட்டால் படம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஃபோட்டான் இருக்கும். அதை வீண் என்று நினைப்பவர்கள் 2009இல் லோவும் எல்சரும் எழுதிய ஈஎம்சி முறையைப் பாருங்கள். ஃபோட்டான் மிகக் குறைவான, எந்தத் திசையில் திரும்பியிருந்தது என்றே தெரியாத ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முப்பரிமாண வடிவத்தைக் கட்டுகிற முறை. அந்த லோ இங்கே நம் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் ஆய்வுக்குழு நடத்துகிறார். இந்த ஊரில் இருந்துகொண்டு பலவீனமான படங்களை எறியச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் உடனிருந்த ஒரு சோதனையில், பெயர் வேண்டாம், டிடெக்டரின் சமிக்ஞைப் பெருக்கத்தை நள்ளிரவில் மாற்றினார்கள். டார்க் படம் பழையதே இருந்தது. திரையில் ஹிட் விகிதம் பிரமாதமாக ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் கோப்புகளைத் திறந்து பார்த்தால் டிடெக்டரின் ஒரு மூலைதான் தொடர்ந்து வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது, உண்மையான ஹிட்டுகள் அந்தக் குப்பைக்கு நடுவே கிடந்தன. மூலப் படங்கள் எல்லாம் வட்டில் இருந்ததால் பிழைத்தார்கள். அன்று சலித்து எறியும் மென்பொருள் ஓடியிருந்தால் எது போனது என்றே தெரிந்திருக்காது.

ஒளிக்கற்றை:
எறியத்தான் வேண்டும் என்ற வேகத்தில் ஓடும்போது என்ன செய்வது என்று கேட்டால், நான் ஒரு ஏற்பாடு சொல்வேன். ஹிட் அல்லாதவற்றிலும் நூற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து வைக்கணும், வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பவற்றை இன்னும் தாராளமாக வைக்கணும். பின்னணிச் சிதறலைக் கழிக்க வெற்றுப் படங்கள் எப்படியும் தேவை. எறிந்த ஒவ்வொரு படத்துக்கும் அதன் துடிப்பு எண், வெளிச்சப் பிக்செல் எண்ணிக்கை, துடிப்பின் ஆற்றல், அப்போது இருந்த வரம்பு இவற்றையாவது எழுதிவைக்கணும். சில பைட்தான். அது இருந்தால் மூலத்தரவு சொன்ன மாதிரி ஏதாவது நடந்தாலும் எப்போதிலிருந்து கெட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

கிளமெண்டிவாசி, உங்கள் 120க்கு இது எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிகம்:
விகிதம் ஏறினால் உடனே சந்தோஷப்படக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, தனித்துகள்காரர்கள் இதை முக்கியமாகப் பார்க்கணும். துகள் இருக்கும் கரைசலைத் துளிகளாகத் தெளித்து உலர்த்தித்தான் கற்றைக்கு அனுப்புகிறீர்கள். துளி பெரிதாக இருந்து, கரைசலில் ஆவியாகாத உப்பு இருந்தால், துளி உலர்ந்ததும் அந்த உப்பே உருண்டையாக நிற்கும். அதில் லேசர் பட்டாலும் அழகான வட்ட வளையங்கள் வரும். ஹிட் எண்ணும் கணக்குக்கு அதுவும் ஹிட்.

அதனால் அளவுப் பரவல் திரையில் கட்டாயம் இருக்கணும். வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கோளத்துக்கான சிதறலோடு பொருத்தினால் விட்டம் கிடைக்கும். வளையம் நெருக்கமாக இருந்தால் பெரிய துகள், விலகி இருந்தால் சின்னது. உங்கள் வைரஸின் விட்டம் முன்கூட்டியே தெரியும். அந்த இடத்தில் ஒடுக்கமாக ஒரு மேடு எழுந்தால் நல்லது. வேறு இடத்தில் அகலமாகப் பரவிக் கிடந்தால் அது உப்பு உருண்டை, இல்லை இரண்டு மூன்று வைரஸ் ஒட்டிக்கொண்டது. அப்போது மென்பொருளில் மாற்ற எதுவும் இல்லை, மாதிரி தயாரித்தவரைக் கூப்பிட்டுக் கரைசலை மாற்றச் சொல்லணும். மின்தெளிப்பு ஊசி இருந்தால் துளி இன்னும் சின்னதாக வரும், உப்புத் தொல்லை குறையும்.

கடைசி ஹிட்டின் படத்தையும் பெரிதாகக் காட்டுங்கள், மடக்கை அளவுகோலில், வண்ண எல்லையை நிலையாக வைத்து. எல்லை தானாக மாறிக்கொண்டிருந்தால் பலவீனமான படமும் பலமான படமும் ஒரே மாதிரி தெரியும், கண் ஏமாந்துவிடும்.

கிளமெண்டிவாசி:
அக்கா, இந்த உப்பு விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றே மாதிரி தயாரிக்கிறவரிடம் கேட்கிறேன். காஃப்காவை விட்டுவிட்டேன், ஹம்மிங்பேர்டை எடுத்து ஆன்இவென்ட் எழுதத் தொடங்குகிறேன்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒன்று, இங்கேயே எங்காவது பழகிப்பார்க்க முடியுமா? கென்ட் ரிட்ஜில் நம் சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான் வளையத்திலிருந்து எக்ஸ்ரே தரும் கருவி) இருக்கிறதே. இரண்டு, குழுவில் பாதிப் பேர் இங்கேயே இருப்பார்கள், தூரத்திலிருந்து பார்க்க வழி வேண்டும். பயணம் கலிஃபோர்னியாவுக்கு.

பொங்கோல்வாசி:
கென்ட் ரிட்ஜ் வளையம் 700 மெகா எலக்ட்ரான்வோல்ட், சுற்றளவே 10.8 மீட்டர்தான். நல்ல கருவி, ஆனால் ஃபெம்டோ விநாடித் துடிப்பை அதில் எதிர்பார்க்க முடியாது, அதனால் இந்த வேலைக்கு ஒத்திகையாக உதவாது. ஒத்திகைக்குப் பழைய தரவை மறுபடி ஓட்டுங்கள். சிஎக்ஸ்ஐடிபி என்ற பொதுத் தரவு வங்கியில் உண்மையான சோதனைப் படங்கள் எச்டிஎஃப்5 என்ற அறிவியல் தரவு வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட கோப்புகளாகக் கிடைக்கும், இறக்கிக்கொண்டு விநாடிக்கு 120 வீதம் உங்கள் மென்பொருளுக்குள் ஊற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வேலையாளைக் கொல்லுங்கள், டார்க் படத்தை மாற்றுங்கள், பத்து நிமிடம் தரவையே நிறுத்திவிட்டு மறுபடி விடுங்கள். திரை தானாக எழுந்து வரணும். அங்கே லேசர் அவ்வப்போது நிற்கும், திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் உட்கார்ந்து மறுதொடக்கம் செய்துகொண்டிருக்க முடியாது.

தூரத்திலிருந்து பார்ப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. கோடையில் கலிஃபோர்னியா நமக்கு 15 மணி நேரம் பின்னால். அங்கே இரவு 9 முதல் காலை 9 வரை ஓட்டினால் இங்கே நண்பகல் 12 முதல் நள்ளிரவு 12. அவர்கள் கண் சொக்கும் நேரத்தில் இங்கே முழு விழிப்போடு ஆள் இருக்கும். அளவுப் பரவலைப் பார்ப்பது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறிப்பு எழுதுவது, டார்க் எடுத்து எவ்வளவு நேரமாகிறது என்று நினைவூட்டுவது எல்லாவற்றையும் சிங்கப்பூர் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் படங்களைப் பசிஃபிக் தாண்டி இழுக்க வேண்டாம். எண்களை மட்டும் அனுப்புங்கள், கூடவே சில விநாடிக்கு ஒரு சுருக்கிய ஹிட் படம். பேசுவதற்குத் தனியாக ஒரு குரல் அழைப்பு எப்போதும் திறந்தே இருக்கட்டும். எழுத்துச் செய்தியை ஊசிக்காரர் பார்க்கவே மாட்டார், கையுறை போட்டிருப்பார்.

மூலத்தரவு:
கிளம்பும் முன் கெட்ட பிக்செல்களுக்கான மறைப்புக் கோப்பையும் தயாராக்கும் நிரலை எழுதி வைத்துவிடுங்கள். கோப்பை அல்ல, நிரலை. கோப்பு அங்கே போனதும் பழசாகிவிடும். டார்க் படங்கள் சில நூறு எடுத்து, ஒவ்வொரு பிக்செலின் சராசரியும் விலகலும் பாருங்கள். விலகல் பூஜ்யமாக இருப்பது செத்த பிக்செல், மற்றவற்றைவிட மிக அதிகமாக இருப்பது கொதிக்கும் பிக்செல், இரண்டையும் மறையுங்கள். சில்லுகளின் விளிம்பு வரிசைகளையும் சேர்த்து மறையுங்கள். டார்க் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இது தானாக ஓடி, எத்தனை பிக்செல் மறைந்தது என்று திரையில் காட்டட்டும். முந்தைய தடவையைவிட அந்த எண் திடீரென்று கூடியிருந்தால் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கவிடாதீர்கள், பீம்லைன் ஆளைக் கூப்பிடுங்கள்.

கிளமெண்டிவாசி:
எழுதிவிடுகிறேன் அண்ணே. சிஎக்ஸ்ஐடிபி தரவு இறங்கிக்கொண்டிருக்கிறது. வார இறுதியில் 24 வேலையாளோடு ஓட்டிப் பார்த்து, படத்துக்கு எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்பதை இங்கேயே போடுகிறேன்.